ஒன்பது தேசமும் ஒரு சட்டியும்

அத்தியாயம் ஆறு

ஒன்பது தேசத்துச் சாராயத்தை ஒரே அலமாரியில் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது. அன்றைக்குப் பார்த்து அதில் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்க முடியவில்லை. அவற்றையெல்லாம் ருசி பார்த்த மனிதரைப் பக்கத்து அறையில் பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நான் அண்ணாமலை. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்ததும் துப்பறியும் செங்கோடன் அண்ணனிடம் ஒட்டிக்கொண்டேன். மூளை அவருடையது, வாய் என்னுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இதுவரை சண்டை வரவில்லை.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. கீழே காளப்பநாயக்கன்பட்டியில் மோருக்குக்கூட ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைத் தூக்கினார்கள். மேலே கொல்லிமலையில், செம்மேட்டுக்கு அப்பால் இருந்த காப்பித் தோட்டத்து பங்களாவிலோ மெக்ஸிகோவும் சீனாவும் பிரான்ஸும் தோளோடு தோள் உரசி நின்றன. தோட்டத்து முதலாளி ராசாமணி இடுப்புக் கொத்திலிருந்து சாவியை எடுத்துத் தாமே அலமாரியைத் திறந்து காட்டினார். மலைக்காரர்களுக்கு அவர் பண்ணாடி, அதாவது எஜமான்.

"இதெல்லாம் செத்துப்போன சவரிராயன் கொண்டாந்ததுங்க. புதுச்சேரிக்காரர். அங்க மதுவிலக்கு ஏது? ஒவ்வொரு தேசத்துச் சரக்கையும் நாக்குல வச்சுத் தரம் சொல்றதுதான் அவரு பொழப்பு. நான் தங்க எடம் குடுத்தேன், அம்புட்டுத்தான்."

செங்கோடன் அண்ணன் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெக்ஸிகோ பாட்டிலில் ஒரு வெள்ளைப் புழு மிதந்தது. சீனத்து பாட்டிலில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பிரான்ஸ் பாட்டில் பச்சை நிறம், மூடியைத் திறந்தால் சோம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. மற்ற பாட்டில்களில் சரக்கு தோள்வரை இருக்க, பச்சை பாட்டிலில் மட்டும் அடியில் இரண்டு விரல்கடை கிடந்தது.

"ஏனுங்கண்ணா, பிரான்ஸுக்கு மட்டும் ரொம்பத் தாகம் போலிருக்குது" என்றேன்.

அவரோ மெக்ஸிகோ புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தபோது வேட்டியின் இடது பக்கம் மட்டும் செங்காவி ஏறியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அறையில் எல்லா நாற்காலிகளும் புது பாலிஷில் பளபளத்தன. நான் உட்கார்ந்த கடைசி நாற்காலிக்குப் பாதி மட்டும் பாலிஷ். மீதிப் பாதி வெறும் கட்டையாக நின்றது.

"பண்ணாடி, பாதி நாற்காலிக்குப் பாதிக் கூலிதானா?"

"பாலிஷ் கரைக்கற ஸ்பிரிட்டு தீந்து போச்சுன்னு ஆசாரி போயிட்டான்" என்றார் ராசாமணி எரிச்சலாக.

செங்கோடன் அண்ணன் என் வேட்டியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். அவர் எதையாவது இரண்டு தடவை பார்த்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

ஸப்-இன்ஸ்பெக்டர் வெங்கிடுசாமி வாசலில் நின்றபடி வழக்கைச் சொல்லி முடித்தார். நல்ல மனிதர். ஆனால் மலையேறிய முழங்கால் வலி அவருடைய யோசனையையும் பிடித்துக்கொண்டிருந்தது. "இதுல துப்பறிய ஒண்ணுமில்லீங்க செங்கோடன். சாராயம் காய்ச்சற மலைக்காரன் கருப்பண்ணன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு சட்டி கொண்டாந்து குடுத்திருக்கான். சவரிராயன் குடிச்சாரு. ராத்திரிக்கெல்லாம் கண்ணு போச்சு, விடியறப்ப உசுரும் போச்சு. விஷச் சாராயம். மிச்சத்தோட சட்டி என் கையில இருக்குது. கண்ணால பாத்த சாட்சி பண்ணாடி. பொணத்துக்கு டோலி கட்டி முடிஞ்சதும் கெளம்பிருவேன். அடிவாரத்துல காரவள்ளியில லாரி நிக்குது. கருப்பண்ணனுக்குத் தூக்குத்தான்."

முற்றத்தில் மூங்கிலை வெட்டிக் கயிறு போட்டு முறுக்கும் சத்தம் கேட்டது. எங்களுக்கு இருந்த அவகாசம் அந்தச் சத்தம் நிற்கும்வரைதான்.

எங்களை மலைக்கு இழுத்து வந்தவள் கருப்பண்ணனின் மனைவி பெருமாயி. காளப்பநாயக்கன்பட்டிச் சத்திரத்தில் நாங்கள் தங்கியிருப்பதைக் கேள்விப்பட்டு, மழையில் நனைந்தபடி ஒற்றையாக இறங்கி வந்தவள். ஆடிமாதத்து மூடுபனியில் எங்களுக்கு முன்னால் ஏறியபோது அவள் ஒருமுறைகூட மூச்சு வாங்க நிற்கவில்லை. நான் ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து மூதாதையரைக் கூப்பிட்டேன்.

காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் ஒரு கம்பத்தில் கருப்பண்ணனைக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். தலை மார்பில் தொங்கியது.

"ஏனப்பா, சட்டியில என்ன கலந்தே?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"எங்கையாலதானுங்க போச்சு" என்றான் அவன். தலை நிமிரவில்லை. "நான் குடிச்சது ஒரு வாய். அவரு குடிச்சது நெறையா. காய்ச்சினதுல என்னமோ கெட்டுப் போச்சு. எங்கையாலதான் போச்சு சாமி."

குற்றம் செய்தவன் மறுப்பான், செய்யாதவன் கத்துவான். செய்ததாகத் தானே நம்பிக்கொண்டு நிற்பவனை என்ன செய்வது? என் பையில் அதற்கு ஜோக் இல்லை.

பெருமாயி அண்ணன் காலில் விழப்போனாள். அவர் தடுத்தார்.

"அழுவாதம்மா. அந்த ராத்திரி நடந்ததுல ஒனக்கு வித்தியாசமாப் பட்டது ஏதாச்சும் இருக்குதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணுதானுங்க சாமி. எந்தம்பி மாதேஸ்வரன் அன்னிக்கி இருட்டுல ஊட்டுக்கு ஓடியாந்தான். வந்ததும் வராததுமா, 'மச்சானுக்குக் கண்ணு தெரியுதா?'ன்னு கேட்டான். இவரு கெழங்கு தின்னுட்டு உக்காந்திருந்தாரு. நல்லாத்தான்டா தெரியுதுன்னேன். திரும்ப ஓடிட்டான். கண்ணு தெரியாமப் போறதுக்கு இவருக்கு என்னுங்க?"

செங்கோடன் அண்ணன் முற்றத்துப் பக்கம் திரும்பினார். பிறகு என் தோளைத் தட்டினார். "மாதேஸ்வரனைப் பிடி."

மாதேஸ்வரன் டோலி தூக்குகிறவன். அன்றைக்குப் பிணத்துக்கு டோலி கட்டுகிற நால்வரில் அவனும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், பங்களாவில் ருசி பார்க்கும் விருந்து நடந்த சனிக்கிழமை, அவனுக்கு வேறு உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். எச்சில் படிக்கத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சவரிராயன் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"எல்லாத்தையும் துப்பினாருங்க" என்றான், முறுக்கிய கயிற்றை விடாமல். "ஒரு மடக்கு வாயில ஊத்துவாரு, கண்ணை மூடுவாரு, எம் படிக்கத்துல துப்பிருவாரு. ஒம்போதும் அப்பிடித்தான். கீழிருந்து வந்த பெரிய மனுசங்க நாலஞ்சு பேரு முழுங்கிட்டு ஆகா ஓகோன்னாங்க. இவரு மட்டும் துப்பினாரு."

"உலகத்துச் சாராயத்தையெல்லாம் கையில வாங்கிய ஒரே ஆள் நீதானப்பா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்பறம்?" என்றார் அண்ணன்.

"அப்பறம் ஒரு கூத்துப் பண்ணினாருங்க. ஒம்போது கிளாஸுலயும் மிச்சமிருந்ததை ஒரே கிளாஸுல ஊத்தினாரு. பண்ணாடி மூஞ்சிக்கு நேராத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாரு. பண்ணாடிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. 'இதைக் காய்ச்சினவனைக் கூட்டிட்டு வா'ன்னாரு. நாந்தான் மச்சானைக் கூட்டியாந்தேன். மச்சான் சும்மா வரக் கூடாதுன்னு ஒரு சட்டியோட வந்தாரு."

"குடுத்தாரா?"

"எங்க வழக்கப்படி குடுத்தாருங்க. குடுக்கறவன் மொத வாய் குடிக்கோணும், விருந்தாளி கண்ணு முன்னால. அதென்னன்னு அவரு கேட்டாரு, மச்சான் சொன்னாரு. கேட்டுட்டு அவரு வாங்கிக் குடிச்சாரு. துப்பலீங்க. முழுங்கினாரு. படிக்கத்தைத் தள்ளி வைன்னாரு. அப்பறம் ரெண்டு பேரும் பொறத்தால பலாமரத்துக்குப் போயிட்டாங்க."

மூங்கில் சத்தம் நின்றுவிடப் போகிறதே என்று எனக்குப் பதற்றம். அண்ணன் பலாமரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பெருமாயி பின்னாலேயே ஓடினாள்.

பங்களாவின் பின்புறம், மிளகுக்கொடி சுற்றிய பெரிய பலா. அடியில் அழுகிய சுளைகளும் ஈயும். வேர் இடுக்கில் ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க!" என்று பெருமாயி கத்தினாள். பிறகு குரல் தணிந்தது. "எங்க சட்டிங்க அது. விருந்தாளிக்குன்னு தொறந்த சட்டியில மிச்சம் வைக்கக் கூடாதுங்க. மரத்தடியில ஊத்திட்டுக் கவுத்துரோணும். அப்பறம் அதை எடுத்துப் பொழங்க மாட்டோம். எங்கூட்டுக்காரரு கவுத்திருக்காரு."

"ஒங்க ஊட்டுல சட்டி எத்தனை கொறையுது?"

"இது ஒண்ணுதானுங்க."

"அப்ப, ஸப்-இன்ஸ்பெக்டர் கையில மிச்சத்தோட நிமுந்து நிக்கற சட்டி யாருது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் முற்றத்து மூங்கில் சத்தமும் நின்றது.

நாங்கள் ஓடி வந்தபோது கருப்பண்ணனைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராசாமணி கம்பளி போர்த்திக்கொண்டு, சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்பது போல நின்றார்.

"ஒரே ஒரு கேள்விங்க" என்றார் அண்ணன் ஸப்-இன்ஸ்பெக்டரிடம். "பண்ணாடிகிட்ட."

"கேளுங்க, சுருக்கா."

"பண்ணாடி, ஞாயித்துக்கிழமை கருப்பண்ணன் சட்டி கொண்டாந்து குடுத்ததை நீங்க கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். சவரிராயன் கையில குடுத்தான்."

"குடுக்கறதுக்கு முன்னால அவன் மொத வாய் குடிச்சானுங்களா?"

ராசாமணி யோசித்தார். குடித்தான் என்றால், குடித்தவன் முழுக் கண்ணோடு எதிரில் நிற்கிறான். அது அவருக்கே தெரிந்தது.

"இல்லை. குடிக்கலை. வெசம்னு தெரிஞ்சவன் குடிப்பானா?"

"மாதேஸ்வரா, இங்க வா. கண்ணு போற நேரத்துல சவரிராயன் ஒங்கிட்ட என்ன சொன்னாரு?"

ஸப்-இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "கருப்பண்ணன், கருப்பண்ணன்னு கத்தினாராம். பண்ணாடிதான் சொன்னாரே."

"அவன் வாயால கேப்போமுங்க."

மாதேஸ்வரன் பண்ணாடியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "என்னை ஆருமே கேக்கலீங்க. அவரு எங்கையைப் புடிச்சுட்டு, 'கருப்பண்ணனும் இதைத்தானே மொதல்ல குடிச்சிருப்பான், அவன் கண்ணு என்ன ஆச்சு, ஓடிப் போய்ப் பாரு'ன்னாருங்க. நான் ஓடினேன். மச்சான் நல்லா இருந்தாரு. வந்து சொன்னேன். 'அப்பாடா'ன்னாரு. அதுக்கப்பறம் பேச்சில்லீங்க."

அண்ணன் ஸப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கருப்பண்ணன் எதிருல நின்னு குடிச்சிருந்தா, சவரிராயன் அதைப் பாத்திருப்பாரு. குடிக்காமக் குடுத்திருந்தா, அதையும் பாத்திருப்பாரு. ரெண்டுல எது நடந்திருந்தாலும் 'குடிச்சிருப்பான்'னு எதுக்குச் சொல்லோணும்? அவரு பாக்கவே இல்லை. சட்டி தனியா வந்திருக்குது. கருப்பண்ணன் மொத வாய் குடிச்சுட்டுக் குடுத்தனுப்பினான்னு எவனோ சொல்லியிருக்கான். ஒம்போதையும் துப்பின மனுசன் அதைக் கேட்டதுக்கப்பறம் துப்ப மனசு வராம முழுங்கியிருக்காரு. கொண்டாந்தது கருப்பண்ணன்னு பண்ணாடி சொல்றது பொய்."

அப்போதுதான் கருப்பண்ணன் தலையை நிமிர்த்தினான். அந்த முகத்தை நான் அதுவரை பார்க்கவில்லை.

"என் கண்ணையா கேட்டாரு?" என்றான். "கண்ணு போறப்பவா?"

"ஆமாப்பா. இப்ப இந்தச் சட்டியைப் பாரு" என்றார் அண்ணன், ஸப்-இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து அதை வாங்கி அவன் முகத்துக்கு எதிரே நீட்டி. "ஒரு தடவைகூட நீ ஏறிட்டுப் பாக்கலை. பாரு."

அவன் பார்த்தான். முகர்ந்தான். "என்னுது இல்லீங்க. என்னுதை நான் கவுத்துட்டு வந்தேனே. இது பச்சையா இருக்குது. சோம்பு நாறுது. நான் குடுத்தது வெள்ளைங்க. தண்ணியாட்டம் இருக்கும்."

ராசாமணி போர்வையை உதறிவிட்டு முன்னால் வந்தார். "புளுகறான்! பச்சையும் அவன் காய்ச்சினதுதான்! அலமாரியில இருக்கற ஒம்போதும் அவன் காய்ச்சினதுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"பாட்டிலெல்லாம் புதுச்சேரிக்காரர் கொண்டாந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ஸப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக. முழங்கால் வலி அவருக்கு மறந்துபோயிருந்தது.

"கொண்டாந்தது வெறும் பேச்சுங்க" என்றார் அண்ணன். "அந்த மெக்ஸிகோ புழு பண்ணாடியோட காப்பிச் செடியைத் தொளைக்கற புழு. சீனத்துப் பாம்பு நம்ம ஓடைத் தண்ணிப்பாம்பு. கீழ இருக்கற பெரிய மனுசங்களுக்கு ஒம்போது தேசத்து வெலையில விக்கறதுக்கு ஒரே மலைச் சரக்கு. சவரிராயன் நாக்குக்கு அது தெரிஞ்சு போச்சு. அதனாலதான் ஒம்போதையும் ஒரே கிளாஸுல ஊத்திக் காட்டினாரு."

"காய்ச்சினது நான்" என்றான் கருப்பண்ணன். பெருமாயி "சொல்லாதீங்க!" என்று அலறினாள். அவன் நிறுத்தவில்லை. "காய்ச்சினது நான். வெள்ளையா ஒண்ணுதான் காய்ச்சுவேன். கலரும் சோம்பும் பண்ணாடி போடறது. இந்த ஊட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. அலமாரிச் சாவி அவரு இடுப்புல. பலாமரத்தடியில புதுச்சேரிக்காரரு எங்கையைப் புடிச்சாருங்க. 'எங்கூட புதுச்சேரிக்கு வந்துரு, அங்க நீ ஒளிஞ்சு காய்ச்ச வேண்டாம், உம் பேரைப் போட்டே விக்கலாம்'னாரு. நான் வாரேன்னு சொன்னேன். பண்ணாடி பொறத்தால நின்னுட்டிருந்தாரு."

பெருமாயி அவனையே வெறித்துப் பார்த்தாள். அவன் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

"கருப்பண்ணன் அவருகூடப் போயிட்டா ஒங்க பொழப்பே போயிரும், குட்டும் வெளிய வந்துரும்" என்றார் அண்ணன் ராசாமணியைப் பார்த்து. "குடிச்சாக் கண்ணைப் பறிக்கற பாலிஷ் ஸ்பிரிட்டை ஒரு சட்டியில ஊத்தி, நாத்தத்தை மறைக்க அலமாரியில இருந்த சோம்புச் சரக்கைக் கவுத்திருக்கீங்க. அதனால ஒரு பக்கம் பச்சை பாட்டில் காலி, இன்னொரு பக்கம் கடைசி நாற்காலிக்குப் பாலிஷ் பத்தலை. அண்ணாமலை, அந்த வேட்டியைத் தொவைக்காதே. அது சாட்சி."

சுற்றி நின்ற மலைக்காரர்கள் ராசாமணியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆளாளுக்கு ஓரடி விலகி நின்றார்கள். அவருடைய கையில் விலங்கு ஏறும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் திரையை இறக்கி மங்களம் பாடிவிடலாம். ஸப்-இன்ஸ்பெக்டர் வெங்கிடுசாமி கருப்பண்ணன் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"கொலை இல்லைன்னு ஆச்சு. ஆனா காய்ச்சினேன்னு எல்லாரும் இருக்கறப்ப ஒத்துக்கிட்டியே அப்பா. காதுல விழலைன்னு நான் சொல்ல முடியாது. ஜெயில்தான்."

"தெரியுமுங்க" என்றான் கருப்பண்ணன்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த அதே வாக்கியத்துக்குச் சிறையா? அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கை ஜெயித்த நாளில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பெருமாயி அழவில்லை. கிட்டப் போய்க் கணவனின் வேட்டியில் ஒட்டியிருந்த காப்பித் தொலியைத் தட்டிவிட்டாள். "புதுச்சேரிக்கு வாரேன்னு எங்கிட்டச் சொல்லாமயா சொன்னீங்க?" என்றாள். அவன் "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

டோலியில் சவரிராயனை ஏற்றினார்கள். ராசாமணிக்கு இன்னொரு டோலி கட்டச் சொன்னபோது தூக்குகிறவர்கள் காது கேளாதவர்கள் போல நின்றார்கள். அவர் நடந்தார். மலையிலிருந்து அவர் தன் காலால் இறங்குவது அதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள்.

"சாமி, ஒரு ஒதவி" என்றான் கருப்பண்ணன். "கையை முன்னால கட்டுங்க. டோலிக்கு ஒரு தோள் நான் குடுக்கறேன்."

ஸப்-இன்ஸ்பெக்டர் தானே கட்டை அவிழ்த்து முன்னால் மாற்றிக் கட்டினார். முன் மூங்கிலின் இடது முனையைக் கருப்பண்ணன் தோளில் வாங்கினான். வலது முனையில் மாதேஸ்வரன். நாங்கள் பின்னால் நடந்தோம். காரவள்ளி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது, பாறையெல்லாம் வழுக்கியது. என் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செங்குத்தான ஒரு திருப்பத்தில் டோலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கருப்பண்ணன் கட்டிய இரண்டு கையாலும் மூங்கிலை இறுக்கிப் பிடித்து நிறுத்தினான். பின்னால் தூக்கி வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"மெதுவா எறங்குங்கப்பா. அவருக்குக் கண்ணு தெரியாது."